சாலொமோன் ஞானம் கேட்டார், செல்வமும் வந்தது, நமக்கும் வருமா?

வராது என்றில்லை, ஆனால் “ஞானம் கேட்டால் பணமும் கூடவே வரும்” என்று உங்கள் ஜெபக்குழுவில் சொன்னாலும், வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரம் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. கிபியோன் என்ற ஊரில் இஸ்ரவேலின் ராஜாவான சாலொமோன் தேவனிடம் கேட்டது ஜனங்களை நியாயம் விசாரிக்கும் இருதயம். ஐசுவரியம் அவர் கேளாதது. 13-ஆம் வசனமே அதைச் சொல்கிறது. பணத்தை மனதில் வைத்துக்கொண்டு ஞானம் கேட்பது வேறு ஜெபம்.

அங்கே நீதிமொழிகள் 8:18-ஐ மட்டும் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஐசுவரியமும் கனமும் தன்னிடம் உண்டு என்று ஞானம் பேசுகிற இடம் அது. அடுத்த வசனத்திலேயே, தன் பலன் பொன்னைவிட நல்லது என்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். உபாகமம் 17:16-17-ஐத் திறந்து வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களை வாசியுங்கள். ராஜா குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது என்பது சட்டம். இங்கேயோ வருஷத்துக்கு 666 தாலந்து (அக்கால எடை அளவு) பொன், எகிப்திலிருந்து குதிரைகள், 700 மனைவிகள். (பிரசங்கங்களில் 10-ஆம் அதிகாரம்தான் அடிக்கடி வரும், 11 அபூர்வம்!)

அதற்காகப் பணமே பாவம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பிரசங்கி 7:12 ஞானத்தோடு திரவியத்தையும் கேடகம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஜீவனைத் தருவது ஞானம் மட்டுமே.