பாட்டுப் போட்டிக்கு மார்க் போடுவது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

பள்ளி விழா, கோயில் திருவிழா, மெல்லிசைக் குழு ஆடிஷன் என்று புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் நடுவராக உட்காருகிறவன் நான். அடிக்கடி வரும் கேள்விகள் சில.

வில்லியனூர் ஆசிரியை: எனக்குச் சங்கீதம் தெரியாது. பள்ளிப் போட்டிக்கு என்னையே நடுவராகப் போட்டுவிட்டார்கள். எதை வைத்து மார்க் போடுவது சார்?

ராகத்தின் பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை டீச்சர். வரி முடியும் இடத்தில் காதை வையுங்கள். கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தும்போது சுரம் அப்படியே நிற்கிறதா, மெல்லக் கீழே சரிகிறதா? சரிந்தால் யார் காதுக்கும் கேட்கும். அடுத்து, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடம். வாத்தியம் இல்லாமல் பாடும் பிள்ளைகள் பயத்தில், தொடங்கிய சுருதியை விட்டு அரைக்கட்டை, அதாவது ஒரு சின்னப் படி, ஏறியோ இறங்கியோ போய்விடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதால் நமக்கே பிடிபடாது. ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் தம்புரா ஆப்பைப் போனில் ஓடவிட்டுப் பாடச் சொன்னால் தெரிந்துவிடும்.

நூற்றுக்கு என்றால் நான் சுருதிக்கு 40, தாளத்துக்கு 25, உச்சரிப்புக்கு 20, பாவத்துக்கு, அதாவது உணர்ச்சியோடு பாடுவதற்கு, 15 வைப்பேன். ல, ள, ழ குழம்பினால் குறைப்பேன். பட்டுப் பாவாடைக்கு மார்க் கிடையாது, அதற்கு மாறுவேடப் போட்டி இருக்கிறது.

நெல்லிக்குப்பம் அம்மா ஒருவர்: பையனுக்கு 13 வயசு. கரோகியில் எஸ்.பி.பி. பாடியதை அப்படியே பாடினான். ஆறுதல் பரிசுகூட இல்லை.

அம்மா, அந்த ட்ராக் எஸ்.பி.பி.யின் கட்டையில், அதாவது அவர் குரலுக்கு ஏற்ற சுருதியில் இருக்கும். குரல் உடையும் வயசில் உங்கள் பையனுக்கு அது ஒத்துவராது. மேலே போகும்போது கத்துவான், கீழே வரும்போது குரலே கேட்காது. அவனுக்குத் தோதான கட்டைக்கு ட்ராக்கை மாற்றிக் கொடுங்கள். அதற்கு மார்க் குறைக்கும் நடுவர் விவரம் தெரியாதவர்.

இன்னொன்று. சில ட்ராக்கில் பாட்டின் மெட்டைப் புல்லாங்குழலோ கீபோர்டோ கூடவே வாசித்துக்கொண்டு போகும். அதைப் பிடித்துக்கொண்டு யாரும் கரையேறிவிடலாம். அதனால் ஆடிஷனில் ட்ராக்கை நிறுத்திவிட்டு ஒரு சரணம் வெறும் குரலில் பாடச் சொல்வேன். எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் சிரிக்கிற ஆள், அங்கே என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான்.

மஞ்சக்குப்பம் தம்பி: முதல் ஆளாகப் பாடினால் ஜெயிக்கவே முடியாதா அண்ணா?

சந்தேகம் நியாயம்தான் தம்பி. பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் பெயரில் நடக்கும் போட்டியில் யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதன் பியானோ முடிவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசியபோது, பின்னால் வாசித்தவர்களுக்கே நல்ல இடம் கிடைக்கும் போக்கு தெரிந்தது. அங்கேயே அப்படி. 'இன்னும் நல்லா ஒருத்தர் வருவார்' என்று நடுவர் கையைக் கட்டிக்கொள்வதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் நாலு பேருக்குப் பென்சிலில் போட்டுவிட்டு, அப்புறம் திரும்பிப் பார்த்துத் திருத்துவேன். பக்கத்து நடுவர் தாளை எட்டிப் பார்க்கும் பழக்கமும் கூடாது.

அரியாங்குப்பம் அன்பர்: தேவாரப் போட்டியில் மெட்டை வளைத்து நெளித்துச் சினிமா பாணி சங்கதி போட்டால் ஏற்கலாமா ஐயா?

நான் ஏற்பதில்லை. பதிகத்துக்குப் பண், அதாவது பழைய தமிழ் ராகம், வகுத்திருக்கிறார்கள். கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் பாடிக் கரையேறியது நம் திருப்பாதிரிப்புலியூர் என்பார்கள். அந்த நமச்சிவாயப் பதிகத்தின் பண் காந்தார பஞ்சமம், இன்றைக்குக் கேதாரகௌளை ராகத்தில் பாடுகிறார்கள். குழந்தைகளிடம் அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, சொல்லைச் சரியாகப் பிரிக்கிறார்களா என்பதை. மூச்சு வாங்க நடுச்சொல்லில் வெட்டினால் பொருளே கெட்டுவிடும்.

லாஸ்பேட்டை: தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னால் சலுகை உண்டா?

கிடையாது. வேண்டுமானால் கடைசியில் கூப்பிடுவேன்.

பண்ருட்டி: போட்டியில் அக்கா மகளும் பாடுகிறாள். நடுவராக உட்காரலாமா?

வேண்டாம். முதல் நாளே அமைப்பாளரிடம் சொல்லி விலகிவிடுங்கள். அவள் நன்றாகவே பாடி ஜெயித்தாலும், 'மாமா போட்ட மார்க்' என்றுதான் ஊர் பேசும்.