போலியாகச் செய்த காப்பி டைவிங் வாட்ச் வாங்கி, மெஷின் மாற்றி, கடலுக்குக் கட்டிக்கொண்டு போகலாமா?

கேட்டவர் ஹட்டன்காரர். புறக்கோட்டையில் ஒரு ரோலெக்ஸ் சப்மரீனர் காப்பியைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கி, உள்ளே ஜப்பான் மெஷினும் மேலே சஃபயர் கண்ணாடியும் போட்டு, ஆகஸ்டில் நிலாவெளிக்குப் போகும்போது கட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்கிறார்.

கல்யாண வீட்டுக்குக் கட்டலாம். கடலுக்கு வேண்டாம். மெஷின் மாற்றுவதற்கென்று அதில் மேலும் காசு போடாதீர்கள்.

என் தாய்மாமா பண்டாரவளையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் அங்கே போய் உட்கார்ந்துதான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. யாராவது காப்பி கொண்டுவந்தால் அவர் விலை பேசுவதற்கு முன்னால் பின்மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிடுவார். மலிவு ஆட்டோமேட்டிக் காப்பிகளில் அடிக்கடி காண்பது டிஜி 2813 என்ற சீன மெஷின். மோசமென்று சொல்ல மாட்டேன், ஓடும். ஆனால் எண்ணெய் காய்ந்த நிலையிலேயே வருவதும் உண்டு. நின்றுவிட்டால் கழற்றி வீசிவிட்டு அதே மாதிரி இன்னொன்று போடுவதுதான் வழி. சக்கரம் சக்கரமாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் விடும் கூலிக்குப் புது மெஷினே வந்துவிடும்.

சரி, அந்த இடத்தில் ஜப்பான் கம்பனி சீகோவின் என்எச்35 மெஷின் போட்டால் என்ன? மெஷின் நல்ல மெஷின்தான். உராய்வைக் குறைக்கும் 24 சிறு கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். சாவியை வெளியே இழுத்தால் நொடிமுள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். நாளுக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்று கம்பனியே சொல்கிறது. நிதானமாக உட்கார்ந்து சரிப்படுத்தினால் அதைவிட எவ்வளவோ நன்றாக ஓட வைக்கலாம். சிக்கல் மெஷினில் இல்லை, அது போய் உட்கார வேண்டிய கேஸில், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டில், இருக்கிறது. என்எச்35இன் தடிப்பு 5.32 மில்லிமீட்டர். சுவிஸ் ஈடிஏ 2824 அளவுக்குச் செய்த காப்பி கேஸ்களும் உண்டு. அந்த மெஷின் 4.6 மில்லிமீட்டர்தான். முக்கால் மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பின்மூடி மூடாது; மூடினாலும் சாவித்தண்டு அதற்கென்று துளைத்த ஓட்டையின் உயரத்துக்கு வராது. நொடிமுள்ளின் துளையும் என்எச்35க்கு 0.20 மில்லிமீட்டர், ஈடிஏவுக்கு 0.25. டயலின் அடியில் இருக்கும் கால்களும் வேறு இடத்தில். கால்களை வெட்டிவிட்டு டயலைப் பசையால் ஒட்டி, தண்டை அரத்தால் ராவி எப்படியோ பொருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாமா செய்ய மாட்டார். "தொறந்து குடுத்துருவேன் தம்பி, மூடுனா பழைய மாதிரி நிக்காது" என்பார். தண்ணீர் உள்ளே போவது அந்த இடத்தில்தான்.

டயலில் '300 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே என்றால், அது அசலைப் பார்த்து அடித்த எழுத்து. டைவிங் வாட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்றொரு தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். காப்பி செய்கிறவர் அந்தச் செலவைச் செய்யப் போவதில்லை. சில காப்பிகளில் பக்கவாட்டில் ஹீலியம் வால்வு மாதிரி ஒன்றும் வைத்திருப்பார்கள். அது உள்ள அசல் வாட்ச்களில், உள்ளே புகுந்த ஹீலியம் வாயுவை வெளியே விடும் வழி அது; பல நாள் அழுத்த அறைக்குள் தங்கி வேலை செய்யும் ஆழ்கடல் ஆட்களுக்கானது. காப்பியில் அழகுக்கு வைத்த திருகு, நம் பார்வையில் இன்னொரு ஓட்டை.

நம் பக்கத்தில் கடலைவிடப் பெரிய எதிரி ஈரம். ஜூன், ஜூலையில் ஹட்டனில் வாட்ச்சைத் திறந்து மூடினால் அந்த ஈரக்காற்றும் உள்ளேயே அடைபடும். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி குளிரில் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிக்கும், கொஞ்ச நாளில் முள்ளில் துரு. அதனால் சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால் வெயில் காலத்தில் கொடுங்கள். பின்மூடியின் ரப்பர் வாசரையும் சாவி வாசரையும் புதிதாகப் போட்டு, சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பழைய வாசரைத் துடைத்துத் திரும்பப் போடுவது ரொம்ப சாதாரணம், பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: வாட்ச்சைக் கை பொறுக்கும் சூட்டில், 40 பாகை அளவில், பத்து இருபது நிமிடம் வைத்துவிட்டுக் கண்ணாடி மேல் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் துடைத்துப் பார்த்தால், ஈரம் இருந்தால் அந்த இடத்தில் உள்பக்கம் மங்கலாக நிற்கும். தரப் பரிசோதனையிலும் இதே முறைதான். ஆனால் இது உள்ளே இருக்கும் ஈரத்தை மட்டும் சொல்லும், ஆழம் தாங்குமா என்று சொல்லாது. அதற்கு அழுத்தச் சோதனை மெஷின் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். போலி வணிகக் குறியோடு சாமான் விற்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் நின்றுவிடலாம், காசு போனது போனதுதான்.

அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால், தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு, என்எச்35 அளவுக்கே கேஸ் செய்து விற்கும் கம்பனிகள் நிறைய இருக்கின்றன. மெஷின் கெட்டால் கழற்றி மாட்டுவது சுலபம். மாற்றி மாற்றி விளையாட ஆசையென்றால் பழைய சீகோ எஸ்கேஎக்ஸ்007 தேடுங்கள். 200 மீட்டர் டைவிங் வாட்ச், 2019 வாக்கில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் 7எஸ்26 மெஷினை எடுத்துவிட்டு நாளும் திகதியும் காட்டும் என்எச்36ஐ அப்படியே வைக்கலாம். சஃபயர் கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள பெசல் வளையம், முள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். அதிலும் போலி உண்டு, பின்மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இதெல்லாம் வேண்டாம், தண்ணீரில் இறங்கினால் போதும் என்றால் கெசியோவின் 200 மீட்டர் பேட்டரி வாட்ச். என் ஓட்டு இதற்குத்தான், மாமாவுக்குப் பிடிக்காது.

நிலாவெளிக்குப் பக்கத்துப் புறாத்தீவில் மூச்சுக்குழாய் வைத்து மேலாக நீந்துவதென்றால் அந்த 200 மீட்டர் வாட்ச் தாராளம். இறங்குவதற்கு முன் சாவியைத் திருகி இறுக்குங்கள், தண்ணீருக்குள் தொடாதீர்கள், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சிலிண்டர் கட்டி இறங்குவதாக இருந்தால் நேரம் பார்க்க வேண்டியது மேலே வந்த பிறகும்தான். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும், அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் உடம்புக்கு ஆபத்து. அதனால் விமானம் ஏற 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்வார்கள். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,868. தம்புள்ளை, கண்டி வழியாக வேனில் ஏறினாலும் உடம்புக்குக் கணக்கு அதே மாதிரிதான். அன்றைக்கு ராத்திரி நிலாவெளியிலேயே தங்கிவிட்டு மறுநாள் புறப்படுங்கள்.