641 எங்கிருந்து வந்தது?

கேள்வி: 4,29,49,67,297 பகா எண்ணா? 100 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துவிட்டேன், மீதி வந்துகொண்டே இருக்கிறது.

பதில்: பகா எண் அல்ல. 641 × 67,00,417 என்று பிரியும். 641 என்பது 116-வது பகா எண். வரிசையாகவே போயிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் அத்தனை வகுத்தல் தேவையில்லை.

உங்கள் எண் 2³² + 1. இதை p என்ற பகா எண் வகுக்கிறது என்று வையுங்கள். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி p − 1, அதாவது −1-க்குச் சமம். வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. ஆகவே 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை திரும்புகின்றன. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (p − 1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1; ஆகையால் அந்த 64, p − 1-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். எனவே p = 64k + 1. அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடுகிறது!

உங்கள் எண்ணைப் போல 2^(2ⁿ) + 1 வடிவில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று நம்பியவர் அதே ஃபெர்மா. கருவி அவர் கையிலேயே இருந்தது. 641-ஐக் காட்டியவர் ஆய்லர், 1732-இல்.

சரிபார்க்கப் பத்து இலக்க வகுத்தலும் வேண்டாம். 2¹⁶ = 65,536; 641-ஆல் வகுக்க மீதி 154. 154² = 23,716; மீதி 640. ஒன்றைக் கூட்டினால் 641, மீதி பூஜ்யம்.

கேள்வி: மிஞ்சும் 67,00,417 இன்னும் பிரியுமா?

பதில்: பிரியாது. அதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை பார்த்தால் போதும். அதன் பகாக் காரணி எதுவானாலும் மூல எண்ணையும் வகுக்கும் என்பதால் மேலே சொன்ன நிபந்தனை இங்கும் பொருந்தும். பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் பின்னர் அதை 128k + 1 என்று இறுக்கினார். 2,588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூஜ்யமில்லை.

கேள்வி: நிரலில் 2³² + 1-ஐக் கொடுத்தால் 1 என்று காட்டுகிறதே?

பதில்: மாறி 32 பிட் அளவுடையதாக இருக்கும். அதில் 2³² மதிப்புள்ள இடமே இல்லாததால் அது உதிர்ந்து 1 மட்டும் நிற்கிறது. 64 பிட் மாறிக்கு மாற்றுங்கள். பெருக்கலில் கவனம் தேவை: இந்த அளவு எண்கள் இரண்டைப் பெருக்கினால் 64 பிட்டும் போதாமல் போகலாம்.

இன்னொரு பொறி: 2-ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனையில் (n என்ற எண்ணுக்கு, அடியின் (n − 1)-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) இந்த எண் பகா எண் போலவே தேறிவிடும். அடியை 3 ஆக்குங்கள், உடனே தோற்கும்.