சமையலறைத் தராசும் வெள்ளியங்கிரிப் பையும்

கேள்வி: ஐயா, வரும் மார்ச்சில் நண்பர்கள் நான்கு பேர், கோவை அருகே ஏழு மலை தாண்டிப் போகும் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். எனக்கு இது முதல் தடவை. கடையில் கேட்டால் 60 லிட்டர் பை, மலையேற்ற ஷூ, கார்பன் ஸ்டிக் என்று 25,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?
– வாசகர், ஈரோடு

பட்டியலை மடித்து வையுங்கள். வீட்டில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருந்தால் அதை எடுங்கள். நான் ஒவ்வொரு முறையும் சாமான்களை அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். (ஷூவை வைத்ததற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.) 60 லிட்டர் பை காலியாகவே ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். நாலு நாள் கூடாரம் போட்டுத் தங்குகிறவருக்குத்தான் அது சரி. அடிவாரமான பூண்டியில் ஏறத் தொடங்கி மறுநாள் இறங்கிவிடுகிற உங்களுக்கு, அரைக் கிலோ எடையுள்ள 20 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணித்தும் விடுவோம்.

தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. 2 லிட்டர் என்றால் 2 கிலோ, அதில் பேரமே இல்லை. அந்த எடைக்கு இடம் கொடுக்கத்தான் மற்றதைக் குறைக்கச் சொல்கிறேன். கூடவே இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் குடிக்கக் கூடாது.

வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் அங்கே இரவில்தான் ஏறுகிறார்கள். அதனால் தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம். என்னுடையது பேட்டரியோடு 85 கிராம். செல்போன் வெளிச்சம் போதாதா என்று கேட்பீர்கள். செங்குத்தான கல்படியில் ஒரு கையில் போன், இன்னொரு கையில் கம்பு என்றால், தடுக்கினால் எதைப் பிடிப்பீர்கள்? ஒருமுறை ஜவ்வாது மலையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. டார்ச்சை எடுத்தால் செத்துக் கிடக்கிறது. பைக்குள் எதுவோ சுவிட்சில் இடித்து, பகல் முழுக்க எரிந்து தீர்ந்திருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து தவழ்ந்தபடி இறங்கினேன். அதற்கப்புறம் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுத்தான் பையில் வைப்பேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திருப்பிப் போட்டுக்கொள்வேன்.

அடுத்தது துணி. ஆறாவது மலையில் ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டு, ஈரப் பருத்தி வேட்டியோடு ஏழாவது மலைக் காற்றில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கம் நின்றபாடில்லை என்றால் அது விளையாட்டல்ல. குளிக்க ஆசை என்றால் குளியுங்கள், ஆனால் மாற்ற ஓர் உலர்ந்த பனியனும் ஸ்வெட்டரும் இருக்கட்டும். அலுமினியப் பூச்சுள்ள அவசரப் போர்வை மடித்தால் உள்ளங்கை அளவு, 60 கிராம். காற்றையும் மழையையும் தடுக்கும். ஈரத்தை மாற்றிவிட்டுச் சுற்றிக்கொண்டால்தான் முழுப் பலன். ஒரு விசில் 10 கிராம். கத்திக் கத்தித் தொண்டை கட்டின பிறகும் அது கேட்கும்.

ஷூ புதிதாக வாங்கினால் இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். பழையது என்றால் அடிப்பாகத்தை வளைத்துப் பாருங்கள். பரணில் வருஷக்கணக்கில் கிடந்த என் ஷூ பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. பாதி இறக்கத்தில் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஷூவின் அடிப்பாகத்துக்குள் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை, காற்று ஈரத்தில் தானாகவே மட்கிவிடுமாம். வாங்கிய காசு, காலில் அதிகம் போடாமலேயே போயிற்று. துணி டேப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அதிலிருந்து டேப் ஒரு சின்னச் சுருள் பையிலேயே இருக்கிறது. கொப்புளத்துக்கும் அதுதான்.

கடையில் விற்காத ஒன்று பாக்கி. 2024 பருவத்தில் அந்த மலையில் மூச்சுத்திணறி, நெஞ்சு வலித்துச் சிலர் இறந்தார்கள். நாற்பது தாண்டியவர், சர்க்கரை, பி.பி. உள்ளவர் உங்கள் நால்வரில் இருந்தால் முதலில் டாக்டரிடம் போகட்டும், ஸ்டிக் அப்புறம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்கி வருகிறேன் என்கிறான். 100 கிராம்தானாம். சிக்னல் இல்லாத காட்டில் உதவுமே?
– வாசகி, மதுரை

அம்மா, உடனே போன் போட்டு நிறுத்துங்கள். கருவி நல்லதுதான், அங்கே மலையேறுகிறவர்கள் நம்பி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தியாவில் செயற்கைக்கோள் போனோ, கார்மின் இன்ரீச் போல இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையில் இயங்கும் செய்திக் கருவியோ, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பைக்குள் அது இருந்ததற்காக வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். ஐபோன் 14 முதல் வரும் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். வசதியும் இங்கே கிடைப்பதில்லை.

கையில் இருக்கும் போனையே நம்புங்கள். ஜி.பி.எஸ். வேறு, சிக்னல் வேறு. டவர் இல்லாவிட்டாலும், ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் இருக்கும் இடத்தைப் போன் காட்டும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஆர்கானிக் மேப்ஸ் இலவசம். ஏரோப்ளேன் மோடு முக்கியம். டவர் தேடித் தேடித்தான் காட்டில் போன் பேட்டரி பாழாகிறது. அவசரம் என்றால் ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு 112 அழுத்துங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அழைப்பு போகும்.

கேள்வி: பவர் பேங்க் 10,000 எம்.ஏ.எச். வாங்கவா, 20,000 வாங்கவா?
– வாசகர், திருச்சி

ஒரு நாளைக்கு 10,000 போதும், 200 கிராம் சொச்சம். 20,000 அதைப்போல இரு மடங்கு எடை. மேலே எழுதியிருக்கும் எண் முழுவதும் போனுக்கு வராது. உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றுவதில் எண் சுருங்கி, கொஞ்சம் சூடாகவும் போய், கிடைப்பது 6,000 அளவுதான். 5,000 பேட்டரி போனை ஒருமுறை நிரப்பிவிடலாம். கேபிள் மறக்காதீர்கள், நான் மறந்திருக்கிறேன்.

கேள்வி: குரங்கணிக்குப் பிறகு வீட்டில் மலைக்கு விடவே மாட்டேன் என்கிறார்கள். காட்டுத்தீயை முன்கூட்டியே அறிய ஏதாவது ஆப் உண்டா?
– வாசகி, தேனி

குரங்கணி மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த 2018 மார்ச் 11 உங்கள் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. நாசாவின் ஃபிர்ம்ஸ் என்ற இணைய வரைபடம் இருக்கிறது. செயற்கைக்கோள் கண்ட தீயைச் சுமார் 3 மணி நேரத்தில் புள்ளியாகக் காட்டும், காசு இல்லை. கிளம்புவதற்கு முதல்நாள் இரவும், அன்று காலையும் பாருங்கள். ஆனால் மலைச்சரிவில் காய்ந்து கிடக்கும் போதைப்புல் என்ற புல்லில் காற்றடித்தால் தீ 3 மணி நேரம் காத்திருக்காது. புள்ளி இல்லை என்பதால் போகலாம் என்று அர்த்தமில்லை. தமிழ்நாடு வனத்துறை 2024ல் 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது, தீப்பருவத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். மூடியிருந்தால் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். திறந்திருந்தால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் இறங்குவேன் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: கார்பன் ஸ்டிக், அலுமினிய ஸ்டிக், எது?
– வாசகர், சென்னை

கார்பன் எடை குறைவு, ஆனால் பாறை இடுக்கில் பக்கவாட்டில் மாட்டினால் படாரென்று முறியும். அலுமினியம் வளையும், ஒப்பேற்றி இறங்கிவிடலாம். வெள்ளியங்கிரிக்கு மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம், பூண்டி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கம்பு போதும். நான் கொண்டுவந்த கம்பால் எங்கள் வீட்டில் இப்போது முருங்கைக்காய் பறிக்கிறார்கள்.