ஹைதாபூவைத் தோண்டியவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலை விஷயமாக ஹாம்பர்க் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஷ்லெஸ்விக் போய், ஹைதாபூ வைக்கிங் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சீப்பு, கண்ணாடி மணி, செருப்பு என்று ஆயிரம் வருடத்துச் சாமான்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, அந்த இடத்தை 1930-களில் தோண்டிய ஹெர்பெர்ட் யாங்குன் என்பவர் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி என்று படித்தேன். நிறைவு போய்விட்டது.

ஆனால் யோசித்தால், அவர் செய்தது நல்ல வேலைதானே? யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை. அரசாங்கப் பணம் இல்லாமல் அகழாய்வு நடக்குமா? அந்தப் பணம் அன்றைக்கு எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் கையில் இருந்தது என்றால் ஆய்வாளர் என்ன செய்வார்? அவர் கண்டுபிடித்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அந்தக் காலத்தில் வேறு மாதிரி வாழ்ந்த தொல்லியலாளர் யாராவது உண்டா? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

கண்டுபிடித்ததைத் தூக்கி எறிய வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈர மண்ணில் மக்காமல் கிடந்த மரச்சுவர் ஹிம்லரின் பணத்தில் வெளியே வந்தாலும் மரச்சுவர்தான். யாங்குன் கவனமாகத் தோண்டினார், அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய பதிவுகளை நம்பித்தான் மேலே வேலை செய்தார்கள். எனக்கு இதில் உறுத்துவதே அவருடைய திறமைதான். அவர் ஒரு போலி ஆசாமியாக இருந்திருந்தால் இந்தக் கதை இரண்டு பத்தியில் முடிந்திருக்கும்.

ஹைதாபூ டென்மார்க் எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே, ஷ்லை என்ற நீண்ட கடற்கழியின் உள்முனையில் இருந்த வைக்கிங் காலத் துறைமுக ஊர். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அரைவட்டமாக ஒரு பெரிய மண்கரை, அதற்குள் சுமார் 60 ஏக்கர். 1066-ல் ஸ்லாவியர்கள் தாக்கி அழித்த பிறகு ஊர் திரும்ப எழவில்லை. மேலே வேறு ஊர் எழும்பாததால் எல்லாம் அப்படியே மண்ணுக்குள் இருந்தது. தோண்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1930-ல் கீல் பல்கலைக்கழகத்தின் குஸ்டாவ் ஷ்வான்டெஸ் அங்கே வேலையைப் புதிதாகத் தொடங்கியபோது, இருபத்தைந்து வயது யாங்குன் அதில் சேர்ந்தார். சீக்கிரமே அது அவருடைய அகழாய்வு ஆகிவிட்டது.

அன்றைய ஜெர்மனியில் இந்தத் துறையின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிரேக்கமும் ரோமும் படித்தவர்களுக்கு நாற்காலி இருந்தது. சொந்த மண்ணின் பானையோடுகளைப் படித்தவர்களை யாரும் மதிக்கவில்லை. 1933-க்கு முன் அந்தப் பாடத்துக்கென்று முழுப் பேராசிரியர் பதவி மார்பர்கில் இருந்தது, மற்ற இடங்களில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நாட்டில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சி வந்து, 'உங்கள் பாடம்தான் தேசத்தின் அடித்தளம்' என்கிறது. பதவிகள் வருகின்றன, அருங்காட்சியகங்கள் வருகின்றன, தோண்டப் பணம் வருகிறது. அந்தத் தலைமுறை இளைஞர்களில் பெரும்பாலோர் மறுபேச்சுப் பேசவில்லை. யாங்குன் 1933-லேயே அந்தக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வில் சேர்ந்தார். 1934-ல் ஹைதாபூவுக்கு ஹிம்லரே புரவலர் ஆனார். 1937-ல் யாங்குன் கட்சியிலும் எஸ்.எஸ்ஸிலும் சேர்ந்தார். அடுத்த வருடம் கீல் அருங்காட்சியகத்துக்கு இயக்குநர்.

ஹிட்லருக்கே இந்தத் தோண்டல்கள் பிடிக்கவில்லை என்பது வேடிக்கை. ரோமானியர்கள் பெரும் கட்டிடங்கள் எழுப்பிய காலத்தில் நம் ஆட்கள் மண்குடிசையில் இருந்தார்கள் என்பதை ஏன் உலகத்துக்குத் தோண்டிக் காட்ட வேண்டும் என்று அவர் அலுத்துக்கொண்டதாக அவருடைய அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் எழுதியிருக்கிறார். ஹிம்லர் விடவில்லை.

'பணம் ஹிம்லர் கையில் இருந்தது என்றால் என்ன செய்வார்' என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பணம் இரண்டு பேர் கையில் இருந்தது. ஒரு பக்கம் கட்சியின் சித்தாந்தி ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க். அவருடைய ஆள் ஹான்ஸ் ரைனெர்த், இவரும் தொல்லியலாளர்தான், ஏரிக்கரைக் குடியிருப்புகளைத் தோண்டிப் பெயர் வாங்கியவர். துறை முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பிடிக்காதவர்கள் மேல் எல்லாம் சேறு வாரி இறைத்தார். இன்னொரு பக்கம் ஹிம்லர் 1935-ல் தொடங்கிய 'ஆனன்எர்பே', அதாவது மூதாதையர் மரபு என்ற ஆய்வு நிறுவனம். ரைனெர்த்தின் தொல்லை தாங்காத நல்ல ஆய்வாளர்கள் பலர், 'இவனுக்கு ஹிம்லரின் ஆட்கள் எவ்வளவோ மேல், அங்கே முறையாக வேலை செய்ய விடுகிறார்கள்' என்று போய்ச் சேர்ந்தார்கள். விஞ்ஞானத்தைக் காப்பாற்ற எஸ்.எஸ்ஸிடம் அடைக்கலம்! இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. ஆனன்எர்பேயின் அகழாய்வுத் துறைக்கு யாங்குன் தலைவரானார்.

ஹிம்லருக்கு அந்தத் துறையில் பொய் சொல்கிறவர்கள் தேவைப்படவில்லை. கைக்கு வந்ததை எல்லாம் ஆரியச் சின்னம் என்று உளறுகிறவர்கள் அந்த நிறுவனத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். வெளிநாட்டு அறிஞர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். யாங்குனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அந்த மரியாதைதான் ஹிம்லருக்கு வேண்டியிருந்தது, யாங்குன் அதைக் கொடுத்தார். 'அரசியல் வேறு, அவருடைய ஆய்வு வேறு' என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் உடன்படாதது இதனால்தான். அவருடைய ஆய்வு நேர்த்தியாக இருந்ததே அந்த அரசியலுக்குச் சரக்கு.

ஹைதாபூ மண்ணிலிருந்து வந்ததைப் பாருங்கள். நார்வேயின் மாக்கல் சட்டிகள், ரைன் நதிப் பக்கத்து எரிமலைக் கல்லில் செய்த திரிகைகள், அரபு வெள்ளிக் காசுகள். டேனியர், ஸ்லாவியர், சாக்சானியர், ஃப்ரீசியர் என்று எல்லோரும் வந்து போன சந்தை அது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து அங்கே வந்த ஒரு பயணி, இந்த ஊர்க்காரர்கள் பாடுவது நாய் ஊளையிடுவதைவிட மோசம் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் இப்ராஹிம் இப்னு யாகூப், அரபு மொழியில் எழுதிய யூதர். ஆக, ஊரை நேரில் பார்த்து எழுதிய சாட்சியே யூதர். யாங்குன் 1937-ல் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பு, 'ஹைதாபூ: ஆதிகாலத்து ஒரு ஜெர்மானிய நகரம்'. 1956-ல் அதே புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது தலைப்பு, 'ஹைதாபூ: வைக்கிங் காலத்து ஒரு வணிகத் தலம்'. திரிகையும் காசும் இரண்டு பதிப்புக்கும் பொது. மாறியது அட்டை.

போர் வந்ததும் வேலை எல்லை தாண்டியது. 1941 கோடையில் யாங்குன் தலைமையில் ஒரு குழு பிரான்சில் பேயூ திரைச்சீலையை ஆராய்ந்தது. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும், சுமார் 70 மீட்டர் நீளப் பூந்தையல். நார்மன்கள் வடக்கத்திக்காரர்களின் வழிவந்தவர்கள், ஆகவே இதுவும் நம் சொத்து என்பது கணக்கு. புகைப்படம் எடுத்தார்கள், ஓவியரை வைத்து வரைந்தார்கள், அளந்தார்கள். அந்தக் குழுவில் கார்ல் ஷ்லாபோ என்ற துணி நிபுணர் இருந்தார். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில ஆவணக் காப்பகத்தில் அவர் விட்டுப்போன காகிதங்களுக்கு நடுவே அந்தத் திரைச்சீலையின் சின்னத் துணித்துண்டு ஒன்று கிடைத்தது 2025-ல் வெளியே தெரியவந்தது. பின்பக்கத்திலிருந்து எடுத்தது, தையல் இல்லாத வெறும் லினன். படையெடுத்துப் போன ஊரில் அறிஞர்கள் 'ஆராய்ச்சி' செய்தால் இப்படியும் கொஞ்சம் கையோடு வந்துவிடும்போல.

பேயூவாவது துணியோடு போயிற்று. 1942-ல் நடந்ததைத்தான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருடம் தெற்கு ரஷ்யாவுக்கும் கிரிமியாவுக்கும் ஒரு தனிப் பிரிவு போனது. அதன் பெயரே 'சோண்டர்கமாண்டோ யாங்குன்', யாங்குன் தனிப்படை. முன்னேறிக்கொண்டிருந்த எஸ்.எஸ். 'வீக்கிங்' டிவிஷனை ஒட்டி காகசஸ் மலையடிவாரத்து மைக்கோப் பகுதி வரை போய், அருங்காட்சியகச் சேகரிப்புகளைக் கைப்பற்றுவது வேலை. முக்கியமாகத் தேடியது பழங்கால ஜெர்மானிய இனங்களில் ஒன்றான கோத் இனத்தாரின் தடயங்களை. ஏன் கோத்? கிரிமியாவில் கோத் மக்கள் பல நூற்றாண்டு வாழ்ந்தது உண்மை. ஜெர்மன் திட்டத்தில் அந்த உண்மைக்கு ஒரு வேலை இருந்தது. கிரிமியாவிலிருந்து உள்ளூர் மக்களை அப்புறப்படுத்திவிட்டு ஜெர்மானியர்களைக் குடியேற்ற வேண்டும், சிம்ஃபெரோபோலுக்கு 'கோத்தன்புர்க்' என்றும் செவஸ்தபோலுக்கு 'தியோடெரிக் துறைமுகம்' என்றும் பெயர் வைக்க வேண்டும். அங்கே கிடைக்கும் ஒவ்வொரு கோத் கொக்கியும் அந்த நிலத்துக்கு ஒரு பட்டா.

அதே பகுதியில் ஐன்சாட்ஸ்குருப்பே டி என்ற கொலைப்படை யூதர்களைக் குழிவெட்டிச் சுட்டுக்கொண்டிருந்தது. முதல் ஒரு வருடத்தில் சுமார் 90,000 பேர் என்று அதன் தலைவர் ஓலன்டோர்ஃப் பின்னால் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் தன் வாயாலேயே சொன்னார். யாங்குன் துப்பாக்கி தூக்கினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹிம்லரின் சீருடையில், ஹிம்லரின் கட்டளையில், ஹிம்லரின் படை காலி செய்த ஊர்களுக்குள் அவர் நடந்து போனார், பட்டியல் போடுவதற்காக. 'யாரையும் கொன்றதாகத் தெரியவில்லை' என்ற உங்கள் வரியில் எனக்கு நெருடல் அங்கேதான்.

அவர் துறைத் தலைவராக இருந்த ஆனன்எர்பேயிலேயே இன்னொரு துறையும் இருந்தது. எலும்புக்கூடு சேகரிப்புக்காக அவுஷ்விட்சில் ஆள் தேர்ந்தெடுத்து, 1943 ஆகஸ்டில் நாட்ஸ்வைலர் முகாமில் 86 யூதர்களைக் கொன்றது அந்த நிறுவனம்தான். அதன் நிர்வாகி வொல்ஃப்ராம் சீவர்ஸை 1948 ஜூனில் தூக்கிலிட்டார்கள். அதே 1948-ல், போருக்குப் பின் அடைக்கப்பட்டிருந்த தடுப்பு முகாமிலிருந்து யாங்குன் வெளியே வந்தார்.

அப்புறம் நடந்தது நீங்களே ஊகிக்கக்கூடியது. கொஞ்ச காலம் பதவி இல்லாமல் இருந்துவிட்டு, 1956-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர், 1973 வரை. மாணவர்கள், விருந்துரைகள், கலைக்களஞ்சியப் பதிப்பாசிரியர் பதவி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாஜிக் காலத் தொல்லியல் என்றால் யார் பாவம் செய்தவர் என்று கேட்டபோது, துறையே சேர்ந்து ஒரு விரலை நீட்டியது ரைனெர்த்தை நோக்கி. 1949-ல் சக ஆய்வாளர்கள் கூடி அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் ஒதுக்கப்பட வேண்டியவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டியதில் ஹிம்லர் பக்கம் நின்றவர்கள் 'நாங்கள் அறிவியல் பக்கம் நின்றோம்' என்று கைகழுவ முடிந்தது. ரைனெர்த் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் தன் அருங்காட்சியகத்தோடு முடங்கிப்போனார். யாங்குன் துறையின் பெரியவர் ஆனார். இருவரும் இறந்தது ஒரே மாதம், 1990 ஏப்ரல்.

வேறு மாதிரி வாழ்ந்தவர் உண்டா என்று கேட்டீர்கள். கெர்ஹார்ட் பெர்சு. ஃபிராங்க்ஃபர்ட்டில் ரோமன்-ஜெர்மானிய ஆணையம் என்ற தொல்லியல் அமைப்பின் இயக்குநராக இருந்தவர், ஐரோப்பா முழுக்க மதிப்பு. யூத வம்சாவளி என்று 1935-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவருக்கு 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்பையே யாரும் கொடுக்கவில்லை, ஆகவே யாங்குனோடு நேர் ஒப்பீடாக இவரை நான் வைக்கவில்லை. ஆனாலும் கேளுங்கள். இங்கிலாந்துக்குப் போய் 1938-39-ல் சாலிஸ்பரி பக்கத்தில் லிட்டில் வுட்பரி என்ற இரும்புக்காலக் குடியிருப்பைத் தோண்டினார். வெட்டிய கம்பக்குழிகளின் வரிசையை வைத்தே ஒரு பெரிய வட்ட வீட்டைக் காட்டினார். அதுவரை பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் இரும்புக்கால முன்னோர்கள் குழிக்குள் குடியிருந்தார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிகள் தானியம் சேமித்தவை என்றார் இவர். அதற்கு நன்றியோ என்னவோ, 1940-ல் அவரையும் மனைவி மரியாவையும் 'பகைநாட்டவர்' என்று, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மான் தீவில் அடைத்தார்கள். ஜெர்மனிக்கு யூதர், இங்கிலாந்துக்கு ஜெர்மானியர்.

அந்த மனிதர் முகாமில் இருந்தபடியே தோண்டினார். கூலிக்கு ஆள் சக கைதிகள், பக்கத்தில் துப்பாக்கியோடு காவலர். பாலடூல் குன்றில் இரும்புக்காலக் கோட்டையைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது ஒரு வைக்கிங் படகுக் கல்லறை. பின்னால் பாலடேரில் ஒரு வைக்கிங் மண்மேட்டுக் கல்லறை. அதில் ஒரு வீரனின் உடலுக்கு மேலே, மண்டை ஓட்டின் உச்சி வாளால் சீவப்பட்ட ஒரு இளம்பெண். பலி என்றுதான் படுகிறது. ஹிம்லரின் ஆட்கள் வைக்கிங் பெருமையைத் தேடிக்கொண்டிருந்த அதே வருடங்களில், முள்வேலிக்குப் பக்கத்தில் பெர்சு வைக்கிங் கல்லறையைப் பெருமையும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல் அளந்து குறித்துக்கொண்டிருந்தார்.

1950-ல் ஜெர்மனி அவரைத் திரும்ப அழைத்து அதே ஃபிராங்க்ஃபர்ட் பதவியில் உட்கார வைத்தது. போனார். 1956 வரை இருந்தார், நேற்றுவரை சீருடையில் இருந்தவர்களோடு வேலை செய்ய வேண்டியிருந்தது, செய்தார். 1964-ல் இறந்தார். மான் தீவுக் கல்லறைகளின் அறிக்கையைத் தொல்லியலாளர் டேவிட் வில்சன் முடித்து 1966-ல் வெளியிட்டார். நூலகத்தில் கிடைத்தால் அதையும் ஹைதாபூவின் 1937 பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அருங்காட்சியகத்துக்கும் தாராளமாகப் போங்கள், செருப்பும் சீப்பும் யாருக்கும் சொந்தமில்லை.

அன்புடன்