காரணம் சொல்லாத கடிதமும் தட்டில் மிஞ்சிய சோறும்

அன்புள்ள ஆலோசகருக்கு,

மகள் சாப்பிடாமல் வைத்த சோற்றைக் கொட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இந்தக் கிழமையில் இது நாலாவது தடவை.

நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. ஐந்து வயதில் தோழி ஒருத்தியோடு விளையாட்டாகப் பாலே வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். தோழி நின்றுவிட்டாள், இவள் நிற்கவில்லை. இப்போது கிழமைக்கு நாலு நாள் வகுப்பு. போன கோடையில் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் கிரேடு 4 பரீட்சையில் 81 புள்ளிகள், டிஸ்டிங்ஷன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமியறை வாசலில் மாட்டினோம்.

அந்தத் துணிவில்தான் நடனத்துக்கென்றே இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கு விண்ணப்பித்தோம். பெயர் வேண்டாம். ஜனவரியில் ஆடிஷன். லியோடார்ட் என்ற இறுக்கமான ஆட்ட உடையில் ஓர் எண்ணைக் குத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், பெற்றோரை விடவில்லை. வெளியே வந்தவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, எனக்கு மட்டும்தான் காலும் கையும் வேறு வேறு நிறம்." பாலேக்குக் காலோடு ஒட்டப் போடும் இளஞ்சிவப்பு டைட்ஸைத்தான் சொன்னாள். மூன்று கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. எங்களை அடுத்த சுற்றுக்கு எடுக்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, தனித்தனியாகக் கருத்துச் சொல்ல இயலாது என்று மட்டும் இருந்தது.

வாசித்துக் காட்டியபோது அழவில்லை. "சரி" என்றாள். நானும் ஒன்றும் கதைக்கவில்லை. வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன் என்ற பயம்.

அப்புறம்தான் சோறு குறைந்தது. பிறகு புட்டு, இடியப்பம். பள்ளிக்குக் கட்டிக் கொடுப்பது அப்படியே திரும்பி வருகிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளாலும் தொடையைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கிறாள். வகுப்பில் ஒரு பிள்ளை, கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூ போடத் தொடங்கிவிட்டாளாம், தனக்கும் உடனே வேண்டும் என்று பிடிவாதம்.

"நிறுத்து. பரதம் பழகட்டும், அரங்கேற்றம் செய்வோம். அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்" என்கிறார் கணவர். அம்மம்மா கரண்டியோடு பிள்ளைக்குப் பின்னால் திரிகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானும் யாழ்ப்பாணத்தில் பரதம் பழகியவள். 1995 ஒக்டோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது எனக்கும் 11 வயது. சலங்கை வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. இவளும் அதே வயதில் நின்றுவிடுவாளோ என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

திரும்பவும் ஆடிஷனுக்குப் போகலாமா, நிறுத்துவதா? எங்களை ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

ஓர் அம்மா, ஹாரோ

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் கேட்டவற்றைப் பிறகு பார்ப்போம். முதல் வரியில் எழுதியதுதான் அவசரம்.

இந்தக் கிழமையே குடும்ப மருத்துவரைப் பாருங்கள். மெலியட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். 11 வயதுப் பிள்ளை வளர்கிறவள். உயரம் கூடும்போது எடை அப்படியே நின்றாலும் அது குறைவுதான். கிழமைக்கு நாலு நாள் ஆடுகிற உடலுக்குப் போதிய சாப்பாடு கிடைக்காவிட்டால் எலும்பு பலவீனமாகும், மாதவிடாய் தள்ளிப்போகும், அடியே படாமல் எலும்பில் மெல்லிய முறிவுகள்கூட வரும். சாப்பாடு எப்போதிலிருந்து குறைந்தது, எத்தனை மணி நேரப் பயிற்சி, தொடையைப் பிடித்துப் பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பிள்ளைகளின் உணவுப் பழக்கச் சிக்கல்களுக்கென்று தனிச் சேவைகள் உண்டு. பல இடங்களில் பெற்றோரே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். பீட் என்ற தொண்டு அமைப்பு பெற்றோருக்கும் வழிகாட்டும். மயக்கம், தலைச்சுற்று என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வகுப்பைத் தொடரலாமா, குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். "சாப்பிட்டால்தான் வகுப்பு" என்று நீங்கள் பேரம் பேச வேண்டாம்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அம்மம்மாவின் பாசம் புரிகிறது, ஆனால் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்காரட்டும். எடை, டயட், யார் மெலிந்தார் யார் பருத்தார் என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் அலுத்துக்கொள்வதும் அதில் சேரும்.

சரி, அவளுக்கு ஏன் இப்படி ஆனது? உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிவதைச் சொல்கிறேன். பள்ளி காரணம் சொல்லவில்லை. நீங்களும் அன்று பேசவில்லை. பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். தன் கையால் மாற்றக்கூடிய ஒன்றைத்தான் பிள்ளைகள் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அவள் கைக்கு எட்டியது சோற்றுத் தட்டு.

உண்மையில், பரீட்சை பார்ப்பது ஒன்று, ஆடிஷன் பார்ப்பது வேறொன்று. ராயல் அகாடமி பரீட்சையில் 100க்கு 40 எடுத்தால் தேர்ச்சி, 55இலிருந்து மெரிட், 75இலிருந்து டிஸ்டிங்ஷன். என்ன கேட்பார்கள் என்பது முன்பே தெரியும். ஒழுங்காகப் பழகியவருக்குப் புள்ளி கிடைக்கும். உங்கள் மகளின் 81 அவளுடைய உழைப்புக்குக் கிடைத்தது, அதை இனி யாரும் எடுத்துவிட முடியாது.

முழுநேரப் பள்ளியின் ஆடிஷனில் பார்ப்பது பெரும்பாலும் உடலின் அமைப்பை. இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்புறமாகத் திரும்புகிறது, பாதத்தின் வளைவு, முதுகின் நெகிழ்வு, கை கால்களின் நீளம், இசைக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது, இவற்றைப் பார்த்து 16 வயதில் இந்த உடல் எப்படி வளர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். பாலேக்காரர்கள் டர்ன் அவுட் என்கிறார்களே, கால்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது, அதன் எல்லையைப் பெருமளவு தீர்மானிப்பது இடுப்புக் குழி எலும்பின் வடிவம். பயிற்சியால் அந்த எல்லைவரை போகலாம், எலும்பை மாற்ற முடியாது. சோற்றைக் குறைத்தாலும் அது மாறாது. இதை அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

காரில் போகும்போது கதையுங்கள், முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். "அவர்கள் ஏன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு நானும் பேசாமல் இருந்துவிட்டேன், எனக்கு அழுகை வந்தது. நீ என்ன காரணம் என்று நினைத்தாய்?" இவ்வளவு போதும். பிறகு அவள் பேசும்வரை காத்திருங்கள். "என் கால் தடிப்பு" என்று அவள் சொன்னால், "இல்லையே, நீ மெல்லியதாகத்தானே இருக்கிறாய்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது நல்லெண்ணம்தான், ஆனால் மெல்லியதாக இருப்பதுதான் அளவுகோல் என்று நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது, யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள்.

அவளுடைய ஆசிரியையையும் தனியாகச் சந்தியுங்கள். இவள் உடலுக்கு எது இயல்பாக வருகிறது, எது கடினம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வகுப்பில் யாராவது காலைப் பற்றியோ எடையைப் பற்றியோ பேசினார்களா என்றும் கேளுங்கள். 11 வயதுப் பிள்ளையிடம் எடையைக் குறைக்கச் சொல்கிற வகுப்பு என்றால், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

பாயிண்ட் ஷூ விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். பாத எலும்புகள் இன்னும் முழுமையாக இறுகவில்லை. கணுக்கால், பாதம், நடு உடல் மூன்றின் பலத்தையும் சோதித்துப் பார்த்து ஆசிரியை சரி என்று சொன்ன பிறகுதான் அது. சாப்பாடு குறைந்திருக்கும் இந்த நேரத்தில் நிச்சயமாக இல்லை.

அந்த டைட்ஸ் பேச்சைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். தன் உடலைப் பற்றி அன்று அவள் சொன்ன முதல் வார்த்தை அது. வெள்ளைத் தோலை மனதில் வைத்துத்தான் அந்த இளஞ்சிவப்பு வந்தது, இடுப்பிலிருந்து விரல் நுனிவரை கால் ஒரே கோடாகத் தெரிவதற்கு. கறுப்பு, மாநிறக் கலைஞர்கள் நீண்ட காலம் தங்கள் ஷூக்களில் முகப்பூச்சைத் தேய்த்து நிறம் மாற்றிக்கொண்டார்கள். கறுப்பு, ஆசியக் கலைஞர்களுக்காக லண்டனில் 2001இல் தொடங்கிய பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து, நடன ஷூ செய்யும் ஃப்ரீட் நிறுவனம் 2018இல்தான் பழுப்பு நிற பாயிண்ட் ஷூக்களைக் கொண்டுவந்தது. இதை மகளுக்குச் சொல்லுங்கள், அந்தக் குழுவின் நிகழ்ச்சிக்கும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். தோல் நிற டைட்ஸைப் பல வகுப்புகள் இப்போது அனுமதிக்கின்றன, ஆசிரியையிடம் கேளுங்கள். பிழை அவள் காலில் இல்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பது குரு, மண்டபம் நிறைய நம் சொந்தங்கள், யாரும் வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. அதனால்தான் இப்படி ஒரு "வேண்டாம்" வரும்போது என்ன செய்வது என்று நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. பரதத்தை அவளாக விரும்பிக் கேட்டால் சேர்த்துவிடுங்கள். தோற்றதற்குப் பதிலாகக் கொடுத்தால் இரண்டு கலைகளுமே அவளுக்குக் கசந்துபோகும்.

இன்னொன்றையும் நீங்கள் வருந்தாமல் வாசிக்க வேண்டும். "எங்களை எடுக்கவில்லை" என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. மண்டபத்துக்குள் எண் குத்தி நின்றது அவள் ஒருத்திதான். யாழ்ப்பாணத்து வீட்டில் சலங்கையை விட்டு வந்த சிறுமிக்கு நடந்தது மிகப் பெரிய இழப்பு, அதற்காக நீங்கள் அழத்தான் வேண்டும். அந்த அழுகையை உங்கள் கணவரிடமோ, ஒரு தோழியிடமோ, என்னிடமோ கொண்டுவாருங்கள். முடிந்தால் பெரியவர்களுக்கான பரத வகுப்பு ஒன்றில் நீங்களே சேருங்கள். 41 வயதில் சலங்கை கட்டக் கூடாது என்று யார் சொன்னது? மகள் தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது அங்கே 1995 தெரிந்தால், அவளால் நிற்கவும் முடியாது, விரும்பி ஆடவும் முடியாது.

ஆடிஷன் பற்றி: அவள் சாப்பாடு சீராகி, மருத்துவரும் சரி என்று சொல்லும்வரை எந்த விண்ணப்பமும் வேண்டாம். 11 வயதோடு கதவுகள் மூடுவதில்லை. ராயல் பாலே பள்ளியையே எடுத்துக்கொண்டால், ரிச்மண்ட் பூங்காவில் இருக்கும் ஒயிட் லாட்ஜில் 11 முதல் 16 வயதுவரை படிக்கிறார்கள், 16 வயதில் கோவென்ட் கார்டனில் உள்ள மேற்பிரிவுக்கு வெளியிலிருந்தும் பிள்ளைகள் ஆடிஷன் கொடுத்து வருகிறார்கள். சாதாரணப் பள்ளியில் படித்துக்கொண்டே வார இறுதியில் கூடுதல் பயிற்சி பெறும் வழிகளும் உண்டு. எதுவானாலும் அடுத்த தடவை கேட்பவள் அவளாக இருக்கட்டும். கேட்காமலே போனாலும், கிழமைக்கு ஒரு நாள் மட்டும் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தாலும், அது அவள் நடனம்.

திங்கள் காலை எட்டு மணிக்கு மருத்துவரின் தொலைபேசி திறந்ததும் அழையுங்கள். போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். காரில் அவள் என்ன சொன்னாள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்