11 வயது ஷிட்சு நாய், கண்ணில் பச்சைப் பீளை

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருந்தீர்கள்: 11 வயது ஷிட்சு, காலையில் கண் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பச்சைப் பீளை, வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விடலாமா என்று. தயவுசெய்து விடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் அது இன்னும் ஆழமாகிவிடும்.

கண்ணீர் வற்றிப்போயிருக்கலாம். எங்கள் பொமரேனியனுக்கும் அதுதான். கருவிழி பளபளப்பே இல்லாமல், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கோ நல்ல கால்நடைக் கண் மருத்துவரிடமோ நாளைக்கே கூட்டிப்போய், கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளக்கும் ஷிர்மர் சோதனை கேளுங்கள். இமைக்குள் காகிதக் கீற்றை ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மி.மீ. நனைந்தால் சரி, 10-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் வறட்சிதான். அப்புறம் கண்ணீரைச் சுரக்கவைக்கும் சைக்ளோஸ்போரின் களிம்பு, அநேகமாக ஆயுளுக்கும்.

அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை வைத்துப் பீளையை ஊறவிட்டு ஒற்றி எடுங்கள், பிய்க்காதீர்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே கிளம்புங்கள்.